பான்டியாக் நகரத்து ஈயக்காரர்

1971-ஆம் வருஷத்துப் பிளிமத் கார் ஒன்று, ஹெமி என்ஜினோடும் மடக்குக் கூரையோடும் பதினொன்றே செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் 'குடா' வகையைச் சேர்ந்தது, 2014-இல் ஸியாட்டில் நகரத்து ஏலத்தில் முப்பத்தைந்து லட்சம் டாலருக்குப் போயிற்று என்று படித்ததிலிருந்து, அந்தப் பணத்தில் யாருக்கு எவ்வளவு போயிருக்கும் என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. நாற்பது வருஷத்துப் பழைய தகரம் தானாகப் பளபளப்பதில்லை. துருவைச் சுரண்டியவன் ஒருவன், ஓட்டையை அடைத்தவன் ஒருவன், வர்ணம் தீட்டியவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். செய்தியில் விற்றவரைப் பற்றியும் வாங்கியவரைப் பற்றியும் பேச்சிருந்ததே ஒழிய, இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மிச்சிகன் மாகாணத்தில் ட்ராய் நகரத்தில் மோட்டார் கம்பெனி ஒன்றில் என்ஜினீயராக இருக்கும் தமிழ் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்படிப்பட்டவர்களை நேரிலேயே பார்க்கலாமே சார். பான்டியாக்கில் ஒரு குடும்பம் இருக்கிறது. நம் ஊர் டிங்கர் பட்டறை மாதிரிதான் இருக்கும், ஆனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்" என்று அழைத்துப்போனார்.

டெட்ராய்ட் ஆற்றங்கரையில் புறப்பட்டு வடமேற்காக ஓடும் உட்வர்டு அவென்யு என்னும் ராஜபாட்டை பான்டியாக் நகரத்தில் போய் முடிகிறது. குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியிலிருந்து 1907-இல் ஓக்லண்டு என்னும் மோட்டார் கம்பெனி பிறந்ததும், அதன் வயிற்றில் 1926-இல் ஊர்ப் பெயரையே தாங்கிய பான்டியாக் கார் உதித்ததும், தாயைக் குழந்தை விழுங்கியதுபோல ஓக்லண்டு மறைந்து பான்டியாக் நிலைத்ததும், கடைசியில் 2010-இல் அந்தப் பெயரும் கம்பெனிக் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டதும் இந்த ஊரின் சரித்திரம். பட்டறை ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தது. முதியவர், அவர் மகன், மகனுடைய மகள் என்று மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதியவர் கென்டக்கி மலைப் பிரதேசத்திலிருந்து, சுரங்கத்தை விட்டு மோட்டார் ஆலையை நாடிவந்த எண்ணற்ற குடும்பங்களில் ஒன்றோடு, சிறுவனாக இங்கே வந்தவர்.

ஒரு மூலையில் மட்கார்டு இல்லாத, பானெட்டும் இல்லாத, எலும்பும் தோலுமாக ஒரு வண்டி நின்றது. 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு. அந்த வருஷம் ஹென்றி ஃபோர்டு எட்டு ஸிலிண்டர் என்ஜினை, 65 குதிரைச் சக்தியோடு, ஐந்நூறு டாலருக்குள் கிடைக்கும் வண்டியிலேயே வைத்து விற்றார். செல்வந்தருக்கு மட்டுமே உரியதாக இருந்த வேகம் சாமானியன் கைக்கு எட்டியது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பாரம் குறைய மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதே வண்டிகளை விரட்டினார்கள். அவர்களை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்து நேரம் கணிக்க 1937-இல் ஒரு சங்கமும் ஏற்பட்டது. யுத்தம் முடிந்து பசிபிக் கடலிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், சேனையில் கற்ற வெல்டிங்கையும் மெஷின் வேலையையும் இதில் காட்டினார்கள். சண்டை விமானத்தின் அடியில் தொங்கும் பெட்ரோல் தொட்டியையே உடலாக வைத்து வண்டி கட்டியவர்களும் உண்டு. ஹாட் ராட் என்னும் ஜாதி இப்படித்தான் வளர்ந்தது. முதியவருடைய தகப்பனார் கலிபோர்னியாத் துறைமுகத்தில் வந்து இறங்கி, எல் மிராஜ் ஏரிப்படுகையில் ஒரு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். மூலையில் நின்றது அவர் கைவேலை.

மஸில் கார் என்னும் மற்றொரு ஜாதியின் கதை வேறு. இது ஆலையே திருட்டுத்தனமாகப் பெற்ற பிள்ளை. ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று விதித்திருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமை என்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், 389 கன அங்குல என்ஜினைத் தனி மாதிரியாக அல்லாமல், வாங்குபவர் சுமார் 296 டாலர் கூடக் கொடுத்தால் கிடைக்கும் 'விருப்பச் சாமான்' என்று கணக்கில் எழுதி, விதியைப் பக்கவாட்டில் தாண்டினார்கள். 1964-இல் வந்த ஜி.டி.ஓ. அதுதான். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தது முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் விற்றது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1970-இல் வந்த காற்றுச் சுத்திச் சட்டமும், 1973-இல் வந்த எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து பத்து வருஷத்துக்குள் இந்தக் களியாட்டத்தை அடக்கிவிட்டன. அன்று கணக்குப் புஸ்தகத்தில் செய்த அந்தச் சிறு தந்திரம் இன்றைக்கு யாரை வாட்டுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறை நடுவில் நின்றதும் ஒரு ஜி.டி.ஓ.தான், 1965-ஆம் வருஷத்தியது, ஒரு வாடிக்கைக்காரருடையது. மகன் அதன் என்ஜினில் மூன்று கார்புரேட்டர்களையும் ஒருமைப்படுத்துவதைப்பற்றி நெடுநேரம் விளக்கினார். சாதாரண ஓட்டத்துக்கு நடுவிலிருப்பது ஒன்றே போதும், ஆவேசம் வரும்போதுதான் மற்ற இரண்டும் வாய் திறக்கும் என்ற அளவில் என் கவனம் நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்குள் முதியவர் ஒரு மரத்துடுப்பைக் கையில் எடுத்திருந்தார்.

மேப்பிள் மரத்தில் இழைத்தது. ஒரு முழத்துக்குக் குறைவு. பிடி கறுத்து, முகம் மெழுகேறி மின்னியது. இதைக்கொண்டு அவர் ஈயத்தை வழிப்பார். அக்காலத்துக் கார்களில் கூரைத் தகடும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஒரு பள்ளமான மூட்டு இருக்கும். அதை ஆலையிலேயே ஈயம் நிரப்பி மறைத்துவிடுவார்கள். நம் பட்டறைகளில் பட்டி பார்ப்பது என்று சொல்லும் பிளாஸ்டிக் பூச்சு பின்னால் பரவியது. சீக்கிரம் முடியும், சில வருஷத்தில் வெடிக்கும். ஈயம் அப்படியல்ல, தகட்டோடு தகடாகிவிடும். முதியவர் ஆலையில் செய்த வேலையே இதுதான். ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக வரிசை நகர்ந்துவர, அவர் ஒரு மூட்டை மூடிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்குமாம்.

இப்போது அவசரமில்லாமல் செய்து காட்டினார். வெள்ளை வெளேரென்று சுரண்டிய தகட்டில் முதலில் திராவகம் கலந்த வெள்ளீயப் பசையைத் தடவி, சூடு காட்டி, துணியால் துடைத்தார். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசியதுபோல் தகடு வெளுத்தது. பிறகு காரீயம் எழுபது பங்கும் வெள்ளீயம் முப்பது பங்கும் கலந்த கோலை ஒரு கையிலும், மெல்லிய சுடரை மறு கையிலும் ஏந்தி நின்றார். இந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்குகிறது. முற்றிலும் உருகி ஓட இன்னும் எழுபது டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வித்தையெல்லாம் இந்த இடைவெளியில்தான். கட்டியாகவும் இல்லாமல் நீராகவும் இல்லாமல் அது குழைந்து நிற்கும் அந்தப் பதத்தில், தேன்மெழுகில் தோய்த்த துடுப்பால் தள்ளித் தள்ளி, கூரையின் வளைவை அவர் உண்டாக்கினார். சுடர் ஒரு க்ஷணம் கூடுதலாக நின்றால் அத்தனையும் தரையில் சிந்திவிடும்; ஒரு க்ஷணம் முன்னால் விலகினால் மணல்போல் உதிரும். வெப்பமானி எதுவும் இல்லை. ஈயத்தின் மினுமினுப்பு மங்குவதைக் கண்ணும், துடுப்பின் இழுவையைக் கையும் பார்த்துக்கொள்கின்றன. ஆறியபின் வளைபல் அரத்தால் ராவினார். மெஷின் வைத்துத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும். ஆலையில் தேய்ப்பு வேலையைத் தனி அறைக்குள் அடைத்து, ஆட்களுக்குக் காற்றுக்குழாய் வைத்த முகமூடி மாட்டி, அவ்வப்போது ரத்தத்தையும் பரிசோதித்தார்களாம். "என் தோழர்கள் சிலருக்கு அந்தப் பரிசோதனை காலம் கடந்து வந்தது" என்றார், அதற்குமேல் சொல்லவில்லை. கடைசியில் சமையல் சோடாக் கரைசலால் கழுவினார். திராவகம் மிச்சமிருந்தால் மேலே அடிக்கும் வர்ணத்தை அது உரித்துவிடும்.

துருப்பிடிப்புக்கு இந்தப் பிரதேசத்தில் ஒரு விசேஷக் காரணமும் உண்டு. டெட்ராய்ட் நகரத்தின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பிரம்மாண்டமான உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் அந்த உப்பையே ரஸ்தாக்களில் தூவுகிறார்கள், பனி கரைகிறது, வண்டியின் அடித்தகடும் கரைகிறது. நகரம் மேலே செய்த காரை நகரத்தின் அடியிலிருந்து வந்த உப்பே தின்கிறது என்றால், இந்தக் குடும்பத்துக்கு வேலை குறைவில்லாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இவ்வளவு நுட்பமாகச் செப்பனிட்ட வண்டிக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. காட்சிக்கு வைக்கும் இடத்தில் நடுவர்கள், ஆலையிலிருந்து வெளிவந்த தினத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அழகாக இருந்தால் மட்டும் போதாது. ஆலையில் பரிசோதகர்கள் சாக்குக் கட்டியாலும் மெழுகுக் குச்சியாலும் கிறுக்கிய குறிகள், வர்ணம் சிதறிய இடங்கள், வழிந்து உறைந்த பசை ஆகிய அலட்சியங்களையும் பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பிரதி செய்து வைக்க வேண்டும். முதியவருக்கு இதில் அடங்காத சிரிப்பு. "சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற அவசரத்தில் நாங்கள் கிறுக்கியதை, இப்போது என் பேத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைகிறாள்" என்றார். அந்தப் பெண்ணுக்கோ நல்ல தேர்ச்சியுள்ள கை. அணில் மயிரால் கட்டிய, வாள்போல் நீண்ட தூரிகையால், வண்டியின் நீளம் முழுவதும் மயிரிழைக் கோடு ஒன்றை மூச்சடக்கி இழுப்பதை நான் பார்த்தேன். குதிரை வண்டிக் காலத்திலிருந்து வரும் வேலை அது. அப்படிப்பட்ட கையைப் போலிக் கிறுக்கலுக்குச் செலவிட வைக்கும் ரசனையை என்னால் மதிக்க முடியவில்லை.

முன்பு சொன்ன கணக்குப் புஸ்தகத் தந்திரத்துக்கு வருகிறேன். 1964, 1965 வருஷங்களில் ஜி.டி.ஓ. தனி மாதிரியாக இல்லாததால், வண்டியின் எண்ணைப் பார்த்து அது அசலா, பான்டியாக்கின் சாதாரண லெமான்ஸ் வண்டியில் பெரிய என்ஜின் வைத்ததா என்று சொல்ல முடியாது. ஆலை அன்று எழுதிய பட்டியலின் நகல்தான் சாட்சி. அந்தக் கடுதாசி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. இரும்பு ஒன்று, ஆலை ஒன்று, மூட்டை மூடிய ஈயமும் ஒன்று; கடுதாசி மட்டும் வேறு. கடுதாசி எங்கே இருக்கிறதோ அங்கே தரகனும் வந்துவிடுகிறான். கணவனை இழந்த ஒரு மூதாட்டியின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியை, 'இது எடைக்குப் போட வேண்டிய இரும்பு அம்மா' என்று சொல்லி வாங்குகிறான்; ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாத வேலையை ஒரு மொத்தத் தொகை பேசிப் பட்டறையில் இறக்குகிறான்; உள்ளே துரு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தால் நஷ்டம் பட்டறைக்காரனுடையது. ஏலத்தில் சம்மட்டி விழும்போது வாங்குபவரிடம் பத்து சதவீதம் அளவுக்கு மேல்தொகை, விற்பவரிடம் வேறு கமிஷன் என்று ஏலக் கம்பெனி இரண்டு கையாலும் வாருகிறது. வாங்கிய தனவந்தரோ அதை ஓட்டுவதில்லை. குளிரூட்டிய அறையில் பூட்டிவைத்து, அடுத்த ஏலம் வரையில் விலை ஏறக் காத்திருக்கிறார். ஓடுவதற்காகப் பிறந்த யந்திரத்தைப் பங்குப் பத்திரமாக்கிய இந்த வியாபாரத்தில், அதை ஓடவைத்தவனுக்கு மணிக்கூலி மட்டும். இதே முதியவர் ஆலையில் இருந்தபோது அவருக்குச் சங்கம் இருந்தது. 1937-இல் பக்கத்து ஃபிளின்ட் நகரத்தில் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வென்ற உரிமை அது. பின்கட்டுப் பட்டறைக்குச் சங்கம் ஏது? ஏலப் புஸ்தகத்தில் என்ஜினை வார்த்த தேதிகூட அச்சாகிறது. ஈயம் வழித்தவன் பெயர் அச்சாவதில்லை.

குடும்பத்துக்குச் சொந்தமான வண்டியைக் கடைசியில் காட்டினார்கள். அதுவும் 1965-ஆம் வருஷத்தியது, வெறும் லெமான்ஸ். மகன் இளைஞராக இருந்தபோது அதில் 389 என்ஜினையும் மூன்று கார்புரேட்டரையும் ஏற்றியிருக்கிறார். சந்தைப் பாஷையில் இது போலி. ஆகஸ்டு மாதம் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டு அவென்யுவில் நடக்கும் பழைய கார்களின் பவனிக்கு, ஃபெர்ண்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட 1995-இல் தொடங்கி இன்று சாலையையே அடைத்துவிடும் அந்தத் திருவிழாவுக்கு, குடும்பமே இதில்தான் போகிறது. என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

ஓட்டியது பேத்தி. கான்ஸாஸ் மாகாணத்தில் மக்பெர்ஸன் என்னும் ஊர்க் கல்லூரியில் பழைய மோட்டார்களைச் செப்பனிடும் கலைக்கே நான்கு வருஷப் பட்டப்படிப்பு உண்டு. அதில் சேர அவளுக்கு ஆசை. ஈயம் வழிக்கப் பட்டம் எதற்கு என்பது பாட்டனாரின் கட்சி. பட்டம் இருந்தால் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளும் மியூஸியங்கள் அழைக்கும், தரகனை நம்ப வேண்டாம் என்பது பேத்தியின் கட்சி. விவாதத்தில் தோற்றவர் பாட்டனார் என்பதற்கு அடையாளம், அலமாரியில் பல வருஷமாகத் துணி சுற்றி வைத்திருந்த மூன்று கார்புரேட்டர்களை, 1965-ஆம் வருஷத்துத் தேதிக் குறியீடு அழியாமல் இருந்தவற்றை, படிப்புச் செலவுக்காக விற்கத் துணிந்தது. நாங்கள் இருக்கும்போதே ஒரு தரகன் டெலிபோனில் பேசினான். கிழவர் சொன்ன விலையைப் பாதியாக்கினான். பேத்தி டெலிபோனை வாங்கி, பாட்டனார் சொன்ன தொகையையே திருப்பிச் சொல்லி, "அதோடு வாங்குபவர் கட்டவேண்டிய பத்து சதவீதம் தனி, ஏலத்தில் நீங்கள் கட்டுவதுதானே" என்றாள். அந்த வாரமே வந்து, கேட்ட தொகையைக் கொடுத்து எடுத்துப்போனான் என்று நண்பர் பிற்பாடு எழுதினார். பத்து சதவீதத்தில் மட்டும் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாளாம்.