இரண்டு விரல்களும் ஒரு காலும்

சாக்பீஸ் கையிலிருந்து நழுவி விழுந்ததை முதலில் நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதிய கை. சற்று ஓய்வு கேட்கிறது என்று நினைத்தேன். அது 2022 ஜூலை. வலக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்திருந்தன. ஒரு நாள் காலை காப்பி டம்ளரைப் பிடித்திருந்தபோது, "கை பொத்துப்போச்சுங்க" என்று மனைவிதான் பதறினாள். சுண்டுவிரலின் ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

எலும்பு மருத்துவர் ஒருவர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். கழுத்துப் பட்டை அணிந்து வகுப்பெடுத்தேன். டிசம்பரில் குன்றத்தூர் முருகன் கோயில் படிகளில் இடக்கால் இடறியது. பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்க முடியவில்லை. எங்கள் திருமுடிவாக்கத்தில், சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு மாலை நடந்து வந்தபோது செருப்பு கழன்றுபோனதை வீட்டு வாசலில்தான் அறிந்தேன். இன்னொரு மருத்துவர் இடுப்பைப் படமெடுக்கச் சொன்னார். ஆக, கைக்கு ஒரு மருத்துவர், காலுக்கு ஒரு மருத்துவர், இரண்டு கோப்புகள்.

2023 ஏப்ரலில் நான் சென்று பார்த்த நரம்பியல் மருத்துவர் படங்களைப் புரட்டவில்லை. என் முழங்கையின் உட்புறக் குழியில் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், பிறகு காதுக்குக் கீழே கழுத்து. "சார், இது ரெண்டு வியாதி இல்ல, ஒண்ணுதான்" என்றார். நரம்புகள் கயிறுபோலத் தடித்திருந்தன. அவர் சொன்ன பெயர் மோனோநியூரைட்டிஸ் மல்டிப்ளெக்ஸ். ஒன்று என்று தொடங்கிப் பல என்று முடியும் பெயர். இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஒருமை பன்மை மயக்கம் என்று தோன்றியது. ஆனால் நோயின் இயல்பே அதுதான்.

அவர் விளக்கியதை எங்கள் ஊர் மொழியில் சொல்கிறேன். மின்கம்பி கடைக்கோடிக்குப் போகப் போக அழுத்தம் குறையும். கடைசி வீடுகளில் எல்லா விளக்குகளும் ஒன்றுபோல மங்கும். நீண்டகாலச் சர்க்கரை நோய் பெரும்பாலும் அப்படித்தான் நரம்பைத் தாக்குகிறது: மிக நீண்ட நரம்புகள் முதலில், இரண்டு பாதங்களிலும் சமமாக. இது வேறு. இந்தத் தெருவில் ஒரு வீடு, அடுத்த தெருவில் ஒரு வீடு என்று தனித்தனியே இணைப்பு அறுகிறது. முழங்கையில் அல்நார் நரம்பு. முழங்காலருகே பெரோனியல் நரம்பு. நடுவில் உள்ளவை நலமாக இருக்கும். எனவேதான் ஒவ்வொரு வீட்டையும் தனியே பழுது பார்த்து ஏமாறுகிறோம்.

இதற்குக் காரணங்கள் பல. நரம்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் அழற்சி ஒன்று. சர்க்கரை நோயும் சில சமயம் இவ்விதம் தாக்கும். நம் நாட்டில் கட்டாயம் நினைக்கவேண்டிய காரணம் ஒன்று உண்டு. தோலில் ஒரு தேமல்கூட இல்லாமல், நரம்பில் மட்டும் அது வரலாம். கணுக்கால் அருகிலிருந்து நரம்பின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். தொழுநோய்.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ முறை வகுப்பில் சாதாரணமாக உச்சரித்திருக்கிறேன். 1954இல் வந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தைப் பற்றிப் பேசும்போது, எம். ஆர். ராதாவின் குரலை மாணவர்கள் பாவனை செய்ய, நானும் சிரித்திருக்கிறேன். ஒழுக்கக்கேட்டின் தண்டனையாக நோயைக் காட்டும் அந்தக் கதையின் மறுபக்கம் எனக்கு அன்று உறைக்கவில்லை. இந்நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். ஆயினும் இந்து திருமணச் சட்டத்தில் இது விவாகரத்துக்குரிய காரணமாக 2019 வரை இருந்தது. மனைவியிடம் அறிக்கையை நீட்டியபோது அந்த ஆண்டுதான் என் நினைவில் நின்றது. அவள் படித்துவிட்டு, "மாத்திரை எத்தன மாசம்?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டு மாதங்கள். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்னும் மூன்று மருந்துகள், இலவசமாக. சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு விரைவில் நீங்கிவிடுகிறது. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. குளோஃபாசிமின் தோலைக் கருக்கச் செய்யும். "வெயில்ல ரொம்ப அலையிறீங்களா சார்?" என்று துறையில் கேட்டார்கள். ஆம் என்றேன்.

நரம்பின் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரைகளும் தந்தார்கள். செயலிழந்து ஆறு மாதங்களுக்குள் அவற்றைத் தொடங்கினால் நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம். காலுக்கு அப்போது நான்கு மாதங்கள். பாதம் ஏறத்தாழ முழுதாக எழும்புகிறது. கைக்கு ஒன்பது மாதங்கள். இரண்டு விரல்களும் வளைந்தே நிற்கின்றன. கழுத்துப் பட்டையோடு நான் கழித்த மாதங்களின் விலை அது. 2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை ஒழித்ததாக அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அந்த 'ஒழிப்பின்' பொருள். இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். ஒழிந்துவிட்டது என்று நம்புகிற மருத்துவரின் விரல், முழங்கைக் குழியைத் தடவிப் பார்ப்பதில்லை.

அம்மாவிடம் சொல்ல இரண்டு மாதங்கள் ஆயின. செங்கல்பட்டுப் பக்கம் பிறந்தவள். திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அந்த வழியாகச் செல்லும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்ட பிள்ளைப் பருவம் அவளுடையது. "பெருவியாதியா?" என்றாள். விரல் விழுந்துவிடுமோ என்பதே அவளுடைய அச்சம்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் உராய்வும் கவனிக்கப்படாமல் புண்ணாகித் தேய்கின்றன என்பதைக் காட்டியவர். வளைந்த விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர். ஆகவே வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்யவேண்டும். தினமும் கையையும் காலையும் பார்க்கவேண்டும் என்றேன்.

அன்று இரவு அம்மா டார்ச் விளக்கோடு வந்து, "கையக் காட்டுடா" என்றாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரல் விரலாகப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். 2024 ஏப்ரலில் மாத்திரைகள் முடிந்தன. அந்தப் பார்வை மட்டும் முடியவில்லை.

கல்லூரியில் இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களில் சிலர் இதை வாசிப்பார்கள். திங்கட்கிழமை முதல் மணி எனக்கு வகுப்பு. இடக்கையால் எழுதப் பழகிவருகிறேன்.