29சி-யில் ஒரு 'ஜம்பலாயா'!

ஜெமினி ஸ்டாப்பில் 29சி-க்காகக் கால் கடுக்க நின்ன அனுபவம் இருக்கா? அடுத்த தடவை ஹெட்போனை மாட்டிக்கிட்டு, உஷா உதுப் பாடின 'ஜம்பலாயா'வைப் போட்டுவிடுங்க. அதுக்கு அந்த ஸ்டாப்தான் சரியான இடம். ஏன்னு சொல்றேன்.

மேம்பாலத்துக்குப் பக்கத்துல 1964-ல் எழுந்தது சஃபையர் தியேட்டர். சஃபையர், ப்ளூ டயமண்ட், எமரால்டுனு ஒரே காம்பவுண்டுக்குள்ள மூணு ஸ்கிரீன். கீழ்த்தளத்துல 'நைன் ஜெம்ஸ்'னு ஒரு நைட் கிளப். 1969-ல் அங்கே காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கிட்டு இங்கிலீஷ் பாட்டு பாடி அசத்தின பொண்ணுதான் உஷா ஐயர். இன்னிக்கு உஷா உதுப், 2024-ல் பத்மபூஷண்! பம்பாய்ல வளர்ந்த தமிழ்ப் பொண்ணு. 'உன் குரல் செட்டாகாது'னு ஸ்கூல் பாட்டு கிளாஸ்லேர்ந்து வெளியே அனுப்பப்பட்டவங்க.

கிளப்புக்கு முந்தின வருஷமே, நம்ம வயசுல, அவங்க ரெக்கார்டு பண்ணின பாட்டு 'ஜம்பலாயா'. அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் 1952 சூப்பர் ஹிட். கன்ட்ரின்னா, நம்ம கிராமியப் பாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கங்க. ஜம்பலாயாங்கிறது லூசியானா பக்கத்துச் சாப்பாடு. அரிசி, கறி, இறால் எல்லாம் ஒரே பாத்திரத்துல வேகும். பிரியாணிக்கு ஒண்ணுவிட்ட தம்பி! பாட்டு பூரா சதுப்பு நிலம், படகு, காதலி, சாப்பாடுதான்.

பஸ் வந்தாச்சா? ஸ்டெல்லா மாரிஸ் தாண்டினா, கொஞ்ச தூரத்துல மியூசிக் அகாடமி. அங்கே ஒரே கீர்த்தனையை வருஷா வருஷம் எத்தனையோ பேர் பாடறாங்க, யாரும் அதை 'கவர் வெர்ஷன்'னு சொல்றதில்லை. நம்ம கல்ச்சுரல்ஸ்ல மட்டும் 'ஒரிஜினல் மாதிரி இல்லையே'னு மார்க்கைக் குறைக்கிறாங்க. எது பாஸ் ஒரிஜினல்? ஹாங்க்கோட மெட்டே 'கிராண்ட் டெக்சாஸ்'ங்கிற பழைய லூசியானா பாட்டுலேர்ந்து எடுத்ததுதான். அவரே அந்த ஊர்க்காரர் இல்லை, அலபாமா. உஷாவும் அவரைக் காப்பியடிக்கலை. கிளாஸ்ல வேண்டாம்னாங்களே, அந்தக் கனத்த குரலைக் கொஞ்சமும் மெலிதாக்காம அப்படியே விட்டிருக்காங்க. அதுக்காகவே இன்னொரு தடவை ரீப்ளே பண்ணுங்க.

மயிலாப்பூர், மந்தைவெளி கூட்டத்துல பாட்டே காதுல விழாது. அடையாறு பாலம் வரட்டும். ஆறு கடலைத் தொடப் போற இடம், நடுவுல திட்டுத் திட்டாப் பச்சை. லூசியானா சதுப்பு நிலத்தைக் கற்பனை பண்ண சென்னையில இதைவிட நல்ல ஜன்னல் சீட் கிடையாது. வாசனைதான் கொஞ்சம்... மூக்கைப் பிடிச்சுக்கங்க!

சஃபையர் 1994-ல் மூடினதோட சரி. கட்டடமும் போச்சு, நைன் ஜெம்ஸும் போச்சு. ஜெமினியில இறங்கித் தேடாதீங்க, நேரா பெசன்ட் நகருக்கே டிக்கெட் எடுங்க. ஜம்பலாயா கிடைக்காது. பீச்சுல சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும்.