சிஸ்டரம்மாவுக்கு ஒரு பிடி மண்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல், திருப்பதியில் எங்கள் அண்டை வீட்டில் வாழ்ந்த மூதாட்டியார் ஒருவரைக் கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியர் பயிற்சி பெற்று, நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். தெருவிலுள்ளோர் அனைவருக்கும் அவர் ‘சிஸ்டரம்மா’. எங்கள் குடும்பத்துக்கோ உற்ற தோழி. அவர் நினைவை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

ரயில்வே உத்தியோக மாற்றலில் நாங்கள் இவ்வூருக்குக் குடிவந்த புதிதில், எங்கள் அன்னையாருக்கு நீரிழிவினால் காலில் புண் கண்டு, ஆறாமல் இருந்தது. செய்தி அறிந்த சிஸ்டரம்மா தாமே வந்து நின்றார். அன்னையார் ஆசாரத்தில் ஊறியவர். மாற்று மதத்தினர் தம்மைத் தொடுவதற்கு அவர் இசையவில்லை. முகத்துக்கு நேரே, “வேண்டாம்” என்று கூறிவிட்டார். நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

சிஸ்டரம்மா சினம் கொள்ளவில்லை. “அதனாலென்ன அம்மா? உங்கள் மருமகள் செய்யட்டும், நான் வாசலில் இருந்தே சொல்லித் தருகிறேன்” என்றார். அன்றுமுதல் நாள்தோறும் காலையில் வாயிற்படியில் வந்து அமர்வார். கொதித்தாறிய நீரில் புண்ணைக் கழுவுவதையும், ஈரத்தை ஒற்றியெடுத்து மருந்து வைத்துக் கட்டுவதையும் பொறுமையுடன் கற்பிப்பார். தொடங்குமுன் ஒரு கணம் கண்களை மூடியிருப்பார். அது அவருடைய ஜெபம் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

“நான் அப்படிச் சொல்லியும் ஏன் வருகிறீர்கள்?” என்று ஒரு நாள் அன்னையார் கேட்டார்.

அதற்கு விடையாக டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை அவர் சொன்னார். 1870ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி அவர்; தந்தையார் மிஷன் மருத்துவர். நோயுற்ற தாயாருக்குத் துணையாக இளம்பருவத்தில் திண்டிவனம் வந்திருந்தபோது, இந்நாட்டில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓரிரவு, பிரசவ வேதனையில் தவித்த தத்தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆண் மருத்துவர் தொடலாகாது என்று தந்தையாரை மறுத்தனர். மகளோ மருத்துவம் அறியாதவர். மறுநாள் காலை, மூன்று பெண்களும் மாண்ட செய்தி வந்தது.

“அம்மையார் அவர்கள் வழக்கத்தைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை, தாமே டாக்டராகி வந்தார்” என்று முடித்தார் சிஸ்டரம்மா. 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கிய அம்மையார், 1902இல் மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் கண்டார். 1960இல் தமது 89ஆம் வயதில் மறைந்தார்.

அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை, “உள்ளே வாருங்கள்” என்றழைத்துத் தம் காலை நீட்டினார். புண்ணும் சில வாரங்களில் ஆறியது.

அதன்பின் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பலகாரமும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் மதிலைக் கடந்து சென்றுவந்தன. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் அவர், எங்களை ஒரு நாளும் அங்கே அழைத்ததில்லை. ஆனால் எங்களில் எவருக்கேனும் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவர் அவரே.

அவர் நோயுற்று வேலூரில் கிடந்தபோது நாங்கள் ஒரே ஒரு முறைதான் சென்று பார்த்தோம். சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயில் உண்டு, தொலைவும் அதிகமன்று. நாளை போகலாம், மறுநாள் போகலாம் என்றிருந்துவிட்டோம். அது எங்கள் நெஞ்சை உறுத்துகிறது.

எங்கள் குலவழக்கில் பெண்கள் இடுகாடு செல்வதில்லை. அன்றோ, எவரும் அழையாமலே அன்னையார் உடன் வந்தார். குழியருகே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இட்டார். திரும்பும் வழியில் ஒன்றுதான் சொன்னார்: “அத்தனை நாள் அவளை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டேனே!”

அன்பர்களே, பிழைப்பின் பொருட்டு உற்றார் உறவினரைப் பிரிந்து வாழ்பவர்கள் நாம். நம் வாயிற்படியில் உதவிக்கு வந்து நிற்பவரை உள்ளே அழைக்க நாள் பார்க்க வேண்டாம்.