உப்புத் தண்ணீர்

தமிழில் நம்மை ஏமாற்றுகிற சொற்களில் ஒன்று 'உப்புத் தண்ணீர்'. வாயில் வைத்ததும் கரிக்கிற தண்ணீருக்கும் அதுதான் பெயர். நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாமல், பருப்பை வேகவிடாமல், சோப்பை நுரைக்கவிடாமல், குழாய் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்கிற தண்ணீருக்கும் அதுதான் பெயர். முன்னதில் இருப்பது சாப்பாட்டு உப்பு. பின்னதில் கால்ஷியமும் மக்னீஷியமும். அதைக் கடின நீர் என்கிறது பாடப் புத்தகம். வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?

ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போயிருந்தபோது இந்த யோசனை வந்தது. அங்கே வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட பாப்பு அதைப் பார்க்க இருக்கவில்லை; 1982-இலேயே போய்விட்டார். இத்தகைய கண்ணாடிகளின் மேல் இருக்கும் அலுமினியப் பூச்சு, ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கு கனம்தான். அது மங்கினால் பழசைக் கரைத்துக் கழுவிவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும். கழுவுகிற நீரில் சுண்ணாம்பு இருந்தால், நம் எவர்சில்வர் டம்ளரில் படிகிற அதே புள்ளி அங்கேயும் படியும். ஆகவே எந்த உப்பும் இல்லாத நீர் வேண்டும். அதைத் தயாரிக்க இரண்டு விதமான பிசின் மணிகள் உண்டு. வீட்டுக்கு விற்கிற மென்னீர் யந்திரத்தில் இருப்பது ஒரே விதம். வித்தியாசம் அங்கேதான்.

மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. அங்கே என் தங்கை வீட்டில், யந்திரம் விற்கிற இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இதைப் பூட்டிவிட்டால் உப்பே இராது, அம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மணிகள் உப்பை எடுப்பதில்லை, பண்டமாற்று செய்கின்றன. கால்ஷியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கின்றன. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரில், சுமார் 230 மில்லிகிராம் சோடியம் புதிதாக ஏறும். துணி வெளுக்கும், கீஸர் பிழைக்கும், தலைமுடி கட்டை தட்டாது, வாஸ்தவம். ஆனால் ரத்தக் கொதிப்புக்காரர் இருக்கிற வீட்டில் அதையே சமையலறைக் குழாயிலும் விடலாமா? கிணறு கரிக்கிறது என்பதற்காக இதை வாங்குகிறவர் பாடு இன்னும் பரிதாபம். வாங்கிய பிறகும் கரிக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதித் தருவார்கள். கடினத்தன்மை 200-க்குள் இருந்தால் நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

தங்கை இதையெல்லாம் பாதிதான் கேட்டாள். அவளுக்கு வேறொரு சந்தேகம்.

"மணிகளைக் கழுவ வாரம் ஒரு தரம் உப்புக் கரைசல் விடவேண்டும் என்றீர்களே, அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது? கொல்லையில் தென்னை நிற்கிறது."

"சாக்கடையில் விட்டுவிடலாம், அம்மா."

"சாக்கடை எங்கே போகிறது?"

அவர் பதில் சொல்லவில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன பிரதேசம் அது. வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள் தங்கை.