‘இல்லை’ என்று அழுத்தினேன்

2021 ஆகஸ்டில் கட்டற்ற இயங்குதளமான டெபியனின் 11-ஆம் பதிப்பு வெளியான சில நாளில், அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகனுக்கு ஏழாம் வகுப்பு, ஆன்லைன் பாடம். விண்டோஸ் திறக்கவே கால் மணி நேரமாம். “நான் பாத்துக்கறேங்க்கா” என்றேன்.

டெபியனை நிறுவ ஆரம்பித்ததுமே ஒரு திரை வந்தது. வைஃபைக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், அது கட்டற்றது அல்ல, பென் டிரைவில் இருந்தால் ஏற்றவா என்று கேட்டது. ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள் போய் ஓடும் சின்ன நிரல். அது இல்லாவிட்டால் வைஃபை வெறும் தகடு. அந்தக் கோப்புகள் சேர்ந்த பதிப்பும் ‘அதிகாரபூர்வமற்றது’ என்ற பட்டத்தோடு டெபியனிடமே கிடைத்தது. எனக்குத் தெரியும். அப்போது விண்டோஸைக்கூட அழித்திருக்கவில்லை. ‘இல்லை’ என்று அழுத்தினேன். ஊரெல்லாம் கட்டற்ற மென்பொருள் பேசுகிறவன் கையால் மூடிய நிரலா என்ற வீறாப்பு. என் சொந்த லேப்டாப்பில் அதே மாதிரிக் கோப்பு எப்போதோ ஏறியிருந்தது, அது வேறு கதை.

நிறுவி தமிழிலும் ஓடும். நான் ஆங்கிலத்தில் ஓட்டினேன். “என்ன தம்பி கேக்குது?” என்றார் அக்கா. “ஒண்ணுமில்லக்கா.”

என் போனை யூஎஸ்பி வயரில் கோத்து இணையம் காட்டிவிட்டு, போனோடு கிளம்பிவிட்டேன். அக்கா போனில் சார்ஜ் போடும் ஓட்டை ஆடும். மறுவாரம் போனால், வயரை ரப்பர் பேண்டால் கட்டி, அடியில் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து, பையன் அசையாமல் கணக்குப் பாடம் கேட்கிறான். கை பட்டால் டீச்சர் போய்விடுவார். “வைஃபை பழுதுக்கா, பழைய மெஷின்தானே” என்றேன். அதை நம்பி அவர் தவளக்குப்பம் கடையில் டாங்கிள் விலை விசாரித்துவிட்டு வந்தார். அன்றிரவுதான் கோப்பை ஏற்றினேன். ஐந்து நிமிட வேலை.

எச்சரித்தால் போதுமா, சேர்த்தே தரவேண்டுமா என்று டெபியன்காரர்களும் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். 2022 அக்டோபரில் வாக்கெடுப்பு முடிந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் கோப்புகள் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டன. நான் சேர்க்கும் கட்சிக்கு மாறிவிட்டேன். எச்சரிக்கை என்னவோ சரியாகத்தான் வந்தது. அதைப் படித்தவன் நான், வைஃபை இல்லாமல் தவித்தது அந்தப் பையன். “தொடர்ந்தால் இந்த லேப்டாப்பில் வைஃபை வராது” என்று கொட்டை எழுத்துத் தமிழில் வந்திருந்தால் அக்காவே என் கையைப் பிடித்திருப்பார்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு, பழுது பார்த்துக் கொடுத்த தம்பிக்கென்று அதிரசம் கொடுத்தனுப்பினார். வாங்கித் தின்றேன்.