சும்மா வாசிக்க ஒரு சின்னக் கிட்டார்

"சும்மா வாசிக்கத்தானே, கையில கிடைக்கிற ஒன்ன வாங்கிக்கங்க." கிட்டார் வாங்கப் போறோம்னு சொன்னதும் எங்களுக்கு ஆளாளுக்குச் சொன்ன புத்தி இது. கேட்க நியாயமாத்தான் இருக்கும். மேடை ஏறப் போறவங்க, பரீட்சை எழுதப் போறவங்க நல்ல கருவி வாங்கட்டும். வேலை முடிஞ்சு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து நாலு பாட்டு வாசிக்கிறதுக்கு என்னத்துக்கு அவ்வளவு யோசனை?

நாங்கள் இதைத் தலைகீழாகப் பார்க்கிறோம். வகுப்புக்குப் போகிற பிள்ளையை வாத்தியார் விரட்டுவார். விரல் வலித்தாலும் வாசித்தே ஆக வேண்டும். சும்மா வாசிக்கிறவரை யாரும் விரட்டப் போவதில்லை. கிட்டார் கையைக் கடித்தால், வீட்டில் இடத்தை அடைத்தால், சுருதி நிற்காவிட்டால், இரண்டாவது கிழமையே அது ஆணியில் தொங்கும். எங்கள் தோட்டத்திலேயே அப்படித் தொங்குகிற பொக்ஸ் கிட்டார்கள் மூன்று இருக்கின்றன. அதனால் சும்மா வாசிக்கிற ஆளுக்குத்தான் நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறோம்.

காசுக் கணக்கும் அதையேதான் சொல்லுது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கிட்டாருக்கு ஒதுக்கிய தொகை 27,000 ரூபா. பிடிப்புகள் எதுவும் போகாமலே பார்த்தாலும் அது 20 நாள் வேலை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாச் சாமானையும் போலக் கிட்டார் விலையும் அந்த ஏற்றத்தைச் சுமந்துகொண்டுதான் கடைக்கு வருது. 20 நாள் உழைப்பை ஆணியில் தொங்கவிட எங்களுக்கு மனசு வரல்ல.

சரி, எது நல்லது? பிராண்டில் தொடங்காமல், வாசிக்கப் போகிற இடத்தில் தொடங்கினோம். லயத்துக் காம்பரா என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதுக்குள்ளேதான் கட்டில், அலுமாரி, டீவி, படிக்கிற பிள்ளையின் மேசை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். பல லயங்களில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போவதுமில்லை. இங்கே இருமினால் அங்கே கேட்கும். விடியப் பெரட்டுக்குப் போக வேண்டியவங்க எட்டு, ஒன்பது மணிக்கே படுத்திடுவாங்க. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸிலோ பொகவந்தலாவை பஸ்ஸிலோ வர வேண்டும். பின்நேர பஸ்ஸில் ஏறியவங்களுக்குத் தெரியும், ஆள் நிற்கவே இடமிருக்காது.

கடைகளில் முன்னால் மாட்டியிருக்கிற பெரிய கிட்டாருக்கு 'டிரெட்நோட்' என்று பேர். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பனி 1916இல் கொண்டுவந்த வடிவம் அது. அதிகச் சத்தம் வேண்டும் என்பதற்காகவே உடலைப் பெரிதாக்கி, அந்தக் காலத்து ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பேரை வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்குள்ளே நமக்கு எதுக்குப் போர்க்கப்பல்?

'ஃபுல் சைஸ்' என்று சொல்லப்படுவதும் ஆதியிலிருந்து இருந்த அளவு கிடையாது. நைலோன் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரில் கம்பியின் ஆடும் நீளம் 650 மில்லிமீற்றர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் என்பவர் செய்த கிட்டார்களைப் பார்த்து நிலைத்துப்போன அளவு அது. அதற்கு முந்தின கிட்டார்கள் பெரும்பாலும் உடலில் இதைவிடச் சின்னவை. 1996இல் டெய்லர் கம்பனி 'பேபி டெய்லர்' என்ற முக்கால் அளவுக் கிட்டாரை விற்கத் தொடங்கியது. எட் ஷீரன் மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் 'லிட்டில் மார்ட்டின்' என்ற சின்னக் கிட்டாரோடு நின்று பாடியிருக்கிறார். அந்த இரண்டும் எங்கள் காசுக்கு எட்டாதவை. ஆனால் "இது சின்னப்புள்ளைங்க சாமான் தம்பி, பெருசா எடுங்க" என்று ஒரு கடையில் சொன்னபோது எங்களுக்குப் பதில் சொல்ல அவை உதவின.

இன்னும் சின்னதாகப் போகலாமா என்றும் பார்த்தோம். உக்குலேலே மலிவு, அழகு. ஆனால் நாலே கம்பி. கிட்டாருக்குப் பழகிய விரல் அமைப்பு அதில் அப்படியே ஒலிக்காது. யமஹாவின் கிட்டாலேலேயில் ஆறு கம்பி இருக்கு, கம்பி நீளம் வெறும் 433 மில்லிமீற்றர். அது சாதாரணக் கிட்டாரின் ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ மாட்டிய மாதிரி உயர்ந்த சுருதியில் நிற்கும். யூடியூபில் பார்த்துப் பழகுகிறவருக்கு இது தலைவலி. அங்கே 'ஜி' என்று காட்டுவது இங்கே 'சி' ஆகக் கேட்கும். முக்கால் அளவுக் கிட்டாரில் இந்தப் பிரச்சினை இல்லை. வழக்கமான சுருதி, வழக்கமான கோர்ட்ஸ். அதனால் முக்கால் அளவு என்று முடிவு செய்தோம்.

அடுத்தது கம்பி. இரும்புக் கம்பியா, நைலோனா? இதில்தான் எங்களுக்குள் சண்டை. இரும்புக் கம்பியின் 'கணீர்' சத்தம் மூன்று பேருக்குப் பிடிச்சிருந்தது. நாலாவது ஆள் கொழுந்து பறிக்கிறவள். அவள் விரல் நுனியில் கொழுந்துச் சாயம் ஏறி, பனிக்காலத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். கடையில் இரும்புக் கம்பியில் ஒரு 'சி' பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "நாள் முழுக்க மலையில இதே வெரலு, ராவுலயும் இதே வெரலா?" என்றாள்.

கிலோக் கணக்கு நம்ம ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபுல் சைஸ் கிட்டாரில் சாதாரண இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையில் நிற்கும். நைலோன் என்றால் சுமார் 40 கிலோ. கம்பி நீளம் குறைந்தால் அதுவும் குறையும்: ஒரே கம்பியை, ஒரே சுருதியில், 650க்குப் பதிலாக 580 மில்லிமீற்றர் நீளத்தில் கட்டினால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். முக்கால் அளவு நைலோன் கிட்டார்களில் பல அந்த 580 அளவில்தான் வருகின்றன. ஆகக் கஷ்டப்படுகிற கை யாருடையதோ அந்தக் கைக்குத்தான் வாங்க வேண்டும் என்று மற்ற மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். மெல்லிய கை வாசிக்கிற கிட்டாரைத் தடித்த கையும் வாசிக்கலாம். மறுபக்கம் அப்படி இல்லை.

நைலோனுக்குக் குறையும் உண்டு. புதுக் கம்பி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். கழுத்து அகலம் கூட. வேகமான சினிமாப் பாட்டை அடித்து வாசிக்கும்போது இரும்புக் கம்பியின் பளபளப்பு வராது. இன்னொன்று, நைலோன் கிட்டாரில் ஒருநாளும் இரும்புக் கம்பி மாட்டக் கூடாது. அந்த இழுவையைத் தாங்குகிற மாதிரி அதைச் செய்வதில்லை. பிரிட்ஜ் பிய்ந்து வரும், கழுத்து வளையும்.

மரத்துக்கு வருவோம். முழுப்பலகை மேல்தட்டுக் கிட்டாரின் சத்தம் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிட்டாருக்குப் பிடித்த காற்றின் ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம். நாங்கள் இருப்பது ஹட்டன் பக்கம். பக்கத்தில்தான் வட்டவளை. வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊர். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை துணியே காயாத இடத்தில் பலகை ஊதாமல் என்ன செய்யும்? மேல்தட்டு ஊதினால் கம்பி உயரும், உயர்ந்தால் விரல் வலிக்கும். பிளைவூட் என்பது நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடு, அவ்வளவு சீக்கிரம் அசையாது. கடைக்காரர்கள் பிளைவூட் என்று தாழ்த்திச் சொல்கிற கிட்டார் நம்ம மலைக்குப் பொருத்தம், விலையும் குறைவு. ஈரத்துக்குப் பயந்து அதை அடுப்புக்கு மேலே மாட்டிவிடாதீர்கள். புகைச்சூட்டில் காய்ந்து வெடிக்கும். உள்சுவரில், அடுப்புக்குத் தூரமாக, பையில் போட்டு வைத்தால் போதும்.

இனி கடை. ஒரே மாடல் கிட்டார் இரண்டு எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, மலிவு விலையில் நிச்சயமாக இருக்காது. அதனால் ஒன்லைனில் படம் பார்த்து வாங்காமல், கையில் எடுத்துப் பார்த்து வாங்கினோம். நாங்கள் செய்தது இவ்வளவுதான்.

முதலில் கம்பியின் உயரம். அளவுகோல் தேவையில்லை, ஏடிஎம் கார்ட் போதும். ஒரு கார்டின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். கார்ட்களை அடுக்கி 12ஆவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். நைலோன் கிட்டாரில் தடித்த கம்பிக்கு ஐந்து கார்ட், மெல்லிய கம்பிக்கு நாலு. இரும்புக் கம்பி என்றால் மூன்றும் இரண்டும். நாலு பேரின் கார்டையும் கடைக்காரரிடம் ஒன்றையும் சேர்த்து அடுக்கியபோது, "காசு எடுக்கத்தான் கார்ட்டுன்னு நெனச்சேன் தம்பி" என்று அவர் சிரித்தார்.

இரண்டாவது, முதல் ஃபிரெட். அங்கே அழுத்துவது மற்ற இடங்களைவிட ரொம்பக் கஷ்டமாக இருந்தால், கழுத்தின் நுனியில் கம்பி ஏறிவரும் நட் உயரமாக இருக்கு என்று அர்த்தம். மூன்றாவது, போனில் டியூனர் ஆப் ஒன்றைத் திறந்து கம்பியைச் சும்மா மீட்டியும், 12ஆவது ஃபிரெட்டில் அழுத்தியும் பார்ப்பது. இரண்டும் ஒரே எழுத்தைக் காட்ட வேண்டும். முள் ரொம்ப விலகினால் அந்தக் கிட்டாரை எப்படிச் சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போகப் பிசகும். நாலாவது, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மீட்டி 'விர்ர்' என்று இரைகிறதா எனக் கேட்பது. ஐந்தாவது, பிரிட்ஜின் பின்னோரத்தில் ஒரு கடதாசியை நுழைத்துப் பார்ப்பது. உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது. இரண்டாம் கை கிட்டாரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது பேர் தெரியாத பிராண்ட், முக்கால் அளவு, நைலோன், பிளைவூட். 21,500 ரூபா. சுருதி சரி, இரைச்சல் இல்லை. தடித்த கம்பி மட்டும் ஆறு கார்ட் உயரம். இது திருத்தக்கூடிய குறை. பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டின் அடியைச் சேண்ட் பேப்பரில் தேய்த்தால் உயரம் இறங்கும். 12ஆவது ஃபிரெட்டில் ஒரு பங்கு குறைய, அடியில் இரண்டு பங்கு தேய்க்க வேண்டும். ஒரு கார்ட் இறங்க ஒன்றரை மில்லிமீற்றர். கண்டியில் கிட்டார் திருத்துகிற ஒருவர் அதையும் நட்டையும் சேர்த்து 2,500 ரூபாவுக்குச் செய்து தந்தார். மாற்றுக் கம்பி ஒரு செட் 1,500, பை 1,200. மிச்சம் 300 ரூபாவுக்கு நாலு பிளேன்டீ. 27,000ஐயும் கிட்டாரிலேயே போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பளபளப்பான, ஆறு கார்ட் உயரக் கிட்டார் ஒன்று கிடைத்திருக்கும்.

"அத வச்சி என்னா செய்யப் போறீங்க, சம்பாரிக்கவா?" என்று லயத்தில் கேட்டவங்களும் உண்டு. கேள்வி கோபத்தில் வந்ததில்லை. நம்ம தோட்டத்தில் ஒரு நாள் என்றால் இத்தனை கிலோ, இத்தனை பேர் என்று எழுதப்படுகிற நாள். எதுக்கும் கணக்கில் வராத ஒரு மணித்தியாலம் என்பது இங்கே கொஞ்சம் கூச்சம் தருகிற விஷயம். ஆனால் பாட்டு நமக்குப் புதுசில்லை. சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்துத் தந்ததெல்லாம் மலையிலும் லயத்திலும் வேலைக்கு நடுவே பாடியவைதான். அவற்றைப் பாடியவர்களும் யாரும் பரீட்சைக்குப் பாடவில்லை.

இப்போது கிட்டார் கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றுது. கொழுந்து பறிக்கிறவள்தான் எங்களில் அதிகம் வாசிக்கிறாள். ஐந்து கோர்ட்ஸ் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மாயி பழைய தாலாட்டு ஒன்று பாடுவார். அதற்கு 'டி' ஒன்றே போதும், நடுவில் ஒருமுறை 'ஏ'. சின்ன உடலில் சத்தம் குறைவு என்பதால் அம்மாயியின் குரல் மேலே கேட்குது, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் முழிப்பதில்லை.

நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால் ஐந்து கார்ட் தேற்றிக்கொண்டு போங்க. உங்க வீட்டில் ஆக வலிக்கிற கை உள்ளவரையும் கூட்டிக்கொண்டு போங்க. அவர் பிடித்துப் பார்த்துச் சரி என்று சொல்கிற வரைக்கும் காசை எடுக்க வேண்டாம்.