சாளரங்களுக்கு அடியில்

என் தந்தையார் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரே இருந்த ஓட்டுத் திண்ணையில், சாய்மேசை ஒன்றின்முன் அமர்ந்து எழுதுவார். அம்மேசையின்மீது எப்போதும் ஒரே ஒரு பத்திரந்தான் விரிந்திருக்கும். எழுதி முடித்தவை பெட்டிக்குள் போய்விடும். எழுதவேண்டியவை சுவரோரக் கம்பியில் கோக்கப்பட்டுக் காத்திருக்கும். அவசரம் என்று எவர் வந்து நின்றாலும், கையில் உள்ளதை முடித்த பிறகே அடுத்த தாளைத் தொடுவார். இருவருடைய நிலங்களின் எல்லைகள் ஒரே மேசையில் கிடந்தால் எழுதுகோல் வழிதவறிவிடும் என்பது அவர் கருத்து. சிறுவயதில் அதனை வெறும் பிடிவாதம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

நான் கணினி பழகியபோது எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அச்சத்தோடு தொடங்கிய பழக்கம் விரைவிலேயே துணிச்சலாக மாறியது. திறந்த எதனையும் நான் மூடுவதில்லை. மூடினால் மீண்டும் தேடவேண்டுமே என்னும் சோம்பல் ஒரு காரணம். இத்தனை வேலைகளை ஒருசேரச் செய்கிறோம் என்னும் சிறு செருக்கு மற்றொரு காரணம். பாடநூல் குழுவில் பணியாற்றத் தொடங்கிய பின் நிலைமை மேலும் மோசமாயிற்று. ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தேன்: இருபத்தேழு சாளரங்கள்! ஒரே பாடத்தின் மூன்று வரைவுகள், அகராதிப் பக்கங்கள், மின்னஞ்சல்கள், வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் என ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. பணிப்பட்டையில் அவற்றின் பெயர்கள் நசுங்கி, முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே தெரிந்தன.

அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு மாணவியின் பெயர் இருந்தது.

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் அவளுடைய தந்தையின் பெயர் ஓரெழுத்துப் பிழையுடன் பதிவாகியிருந்தது. திருத்தம் செய்ய அன்றே கடைசி நாள். இணையப் படிவத்தைத் திறந்து, விவரங்களை நிரப்பி, ஒருமுறை சரிபார்க்கவும் செய்தேன். அப்போது பாடநூல் வரைவைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதனைத் திறந்தேன், அங்கிருந்து அகராதிக்குப் போனேன், பிறகு வீட்டிற்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் சாளரங்களை ஒவ்வொன்றாய் விலக்கியபோது, நிரப்பிய படிவம் அப்படியே இருந்தது. ‘சமர்ப்பிக்க’ என்னும் பொத்தான் அழுத்தப்படவில்லை. அழுத்தினேன், காலக்கெடு முடிந்துவிட்டது என்றது திரை.

பின்னர் அப்பிழை திருத்தப்பட்டது. ஆனால், அதற்காகக் கூலிவேலை செய்யும் அவளுடைய தந்தை இரண்டு நாள் ஊதியத்தை இழந்து, மாவட்டத் தலைநகருக்கு அலைய நேர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்டபோது, “கணினியில் என்ன கோளாறோ, விடுங்கள் ஐயா” என்றார் அவர். கணினியில் கோளாறு ஏதுமில்லை என்று சொல்ல எனக்கு ஒரு கணம் தயக்கமாக இருந்தது. சொன்னேன்.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட எங்கள் கணினிப் பயிற்றுநர், என்னிடம் முன்பு தமிழ் படித்தவர், “உங்களிடம் இருப்பது ஒரு மேசைதான் என்று ஏன் நினைக்கிறீர்கள் ஐயா?” என்று கேட்டார். விண்டோஸ் விசையையும் கன்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ‘டி’ எழுத்தைத் தட்டினார். சாளரங்கள் அனைத்தும் மறைந்து, வெறுமையான திரைமுகப்பு ஒன்று தோன்றியது. என் இருபத்தேழும் அழிந்தன என்று பதறிப்போனேன். அவர் அதே விசைகளுடன் இடப்பக்க அம்புக்குறியைத் தட்டினார்; அவை அத்தனையும் பக்கத்து மேசையில் பத்திரமாக இருந்தன.

விண்டோஸ் 10 வழியாக 2015இல் பலருக்கும் அறிமுகமான இவ்வசதி பழையது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அதற்கு முன்பே பழக்கமானது. 1986இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு ஆகிய இருவர் ‘ரூம்ஸ்’, அதாவது ‘அறைகள்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். நினைவகம் போதாத கணினி, தரவுகளை உள்ளே கொணர்வதிலும் வெளியே தள்ளுவதிலுமே தன் நேரத்தைச் செலவிட்டுத் திணறும். சிறிய திரையின்முன் அமர்ந்த மனிதனும் சாளரங்களை விலக்குவதிலேயே பொழுதைப் போக்குகிறான் என்று அவர்கள் கண்டனர். ஒரு வேலைக்கு ஓர் அறை. அறையிலிருந்து அறைக்குச் செல்லக் கதவுகள். எல்லா அறைகளிலும் தேவைப்படும் கடிகாரம் போன்றவற்றுக்கு ஒரு ‘சட்டைப்பை’. ஒரு வீட்டையே அவர்கள் திரைக்குள் கட்டியிருக்கிறார்கள்!

இன்னொரு செய்தியும் என்னைச் சிரிக்க வைத்தது. 1985இல் வெளிவந்த முதல் விண்டோஸில் பயன்பாட்டுச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியா. தரையோடுகளைப் போல் பக்கம் பக்கமாகவே அமையும். 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவை ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கணினி வாய்த்திருந்தால், அந்தப் படிவம் என் கண்முன்னேயே நின்றிருக்கும்.

இப்போது எனக்கு நான்கு திரைமுகப்புகள் உண்டு. முதலாவது வகுப்பிற்கு, இரண்டாவது பாடநூலுக்கு, மூன்றாவது கடிதங்களுக்கு. நான்காவதில் கெடு உள்ள வேலை ஒன்றே ஒன்று மட்டும் இருக்கும். அது முடியும்வரை வேறு எதனையும் அங்கே திறப்பதில்லை. ஆனாலும் இதனைப் பெரிய மருந்தென்று சொல்லத் துணியமாட்டேன். கண்ணில் படாத மேசை மறக்கப்படும் மேசையும் ஆகும். மூன்றாவது திரைமுகப்பில், இறந்துபோன நண்பரின் மனைவிக்குத் தொடங்கிய ஆறுதல் கடிதம் பதினொரு நாள்கள் பாதியில் கிடந்ததுண்டு. அதனால் மாலையில் எழுவதற்குமுன் இடமிருந்து வலமாக நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

சென்ற ஆண்டு அம்மாணவி பள்ளிக்கு வந்திருந்தாள். கல்லூரி உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்ப உதவி வேண்டுமென்றாள். நான்காவது திரைமுகப்பில் அதனைத் திறந்தேன். அவள் என் அருகில் நின்று, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். ‘சமர்ப்பிக்க’ என்பதை அழுத்தினேன். ஒப்புகை எண் தோன்றியது. அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். “இருக்கட்டும் ஐயா” என்று சொல்லி, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, அந்த எண்ணைக் கையால் எழுதிக்கொண்டாள்.